சுங்க வில்லை யார் கையில்?

முன்னொரு காலத்தில், கடலோரத்து நாடு ஒன்றில், பொழுது விடிந்ததும் எல்லா வீட்டு அடுப்பிலும் முதலில் காப்பிக்குத்தான் தண்ணீர் கொதிக்கும். அரண்மனையிலும் அப்படியே. ஆனால் காப்பிக் கொட்டை அந்த நாட்டில் விளையாது. தூரத்துத் தீவிலிருந்து கப்பலில் வரும். அங்கே விளைந்ததை இங்கே வறுப்பார்கள், இடிப்பார்கள், குடிப்பார்கள். இரண்டு தலைமுறையாக இது ஒரு சண்டையும் இல்லாமல் நடந்துவந்தது.

ஒரு நாள் காலை தீவு அரசரிடமிருந்து ஓர் ஓலை வந்தது. நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'எங்கள் கொட்டை இல்லாவிட்டால் தங்கள் அரசவையில் ஒருவருக்கும் கண் திறக்காதாமே! கேட்டு மகிழ்ந்தோம்.'

வேடிக்கையாக எழுதியதுதான். ஆனால் ஓலையைப் படிக்கும்போது மன்னர் இன்னும் காலைக் காப்பி குடித்திருக்கவில்லை. ஆகவே வேடிக்கை அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை.

"நம்மைக் கேலி செய்த தீவார் நமக்குக் கப்பம் கட்ட வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்!" என்று அவையில் கர்ஜித்தார்.

சுங்க மந்திரி கனகராயர் எழுந்தார். துறைமுகச் சுங்கச்சாவடி அவர் பொறுப்பில் இருந்தது. "மகாராஜா, படை வேண்டாம், போர் வேண்டாம். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு காப்பி மூட்டைக்கும் ஐந்நூறு காசு சுங்கம் விதிப்போம். மூட்டையைக் கொண்டுவருகிறவன் தீவான். கட்டுகிறவனும் தீவான். நம் ஜனங்களுக்கு ஒரு காசு செலவில்லை" என்றார்.

மன்னருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றே முரசறைந்தார்கள். மாதம் முடிந்ததும் சாவடியிலிருந்து காசுப் பெட்டி மேளதாளத்தோடு வந்தது. "தீவார் கட்டிய கப்பம்!" என்று கட்டியக்காரன் கூவினான். மன்னர் மீசையை நீவிக்கொண்டு கனகராயருக்குச் சரிகைப் போர்வை ஒன்று போர்த்தினார்.

அந்த அவையில் விகடம் பேசுவதற்கென்று ஒருவன் இருந்தான். பெயர் பிச்சாண்டி. மன்னரின் சிம்மாசனத்துக்கு மிக அருகில் அவனுக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையின் மேல் கனகராயருக்கு வெகுநாளாகக் கண். தன் மைத்துனனை அதில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிச்சாண்டி பிறந்த ஊர் அதுவல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு, காய்ச்சலோடும் கிழிந்த வேட்டியோடும் துறைமுக வாசலில் வந்து விழுந்தவன். அங்கே காப்பிக் கடை வைத்திருந்த சிட்டம்மாள்தான் அவனைத் தூக்கி உட்காரவைத்து, சுக்குப் போட்டுச் சுடச்சுடக் காப்பி கொடுத்தாள். ஒன்பது நாள் கொடுத்தாள். காசு கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அரண்மனையில் இடம் கிடைத்த பிறகும் பிச்சாண்டி தினமும் அந்தக் கடையில்தான் காப்பி குடித்தான். காசைக் கொடுத்துவிட்டுத்தான் குடித்தான்.

இரண்டாவது பெட்டி அரண்மனைக்கு வந்த வாரத்தில், ஒரு மாதம் வெளியூர் போயிருந்துவிட்டுத் திரும்பிய அவன் கடைக்குப் போனான். வழக்கமாகப் பெஞ்சியில் இடம் இருக்காது. அன்று பாதி பெஞ்சி காலி. மூட்டை தூக்குகிற இரண்டு பேர் ஒரு டம்ளரை வாங்கி, ஆளுக்குப் பாதியாக ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, ஊர்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு காசை வைத்தான்.

"இன்னும் ஒரு காசு எடு" என்றாள் சிட்டம்மாள்.

"ரெண்டு காசுதானே எப்பவும்?"

"எப்பவும் மூட்டைக்கு ஐந்நூறு காசு சுங்கம் இருந்துச்சா? ஒரு மூட்டையில ஐந்நூறு டம்ளர் வரும். டம்ளருக்கு ஒரு காசு ஏறிப்போச்சு. ஒரு மாசம் நானே தாங்கிப் பார்த்தேன்டா பிச்சாண்டி. முடியல."

பால் கொண்டுவந்த இருளப்பக் கோனார் குடத்தை இறக்கினார். "பாதிக் குடம் பால் மிஞ்சிப் போவுது. நான் பசுகிட்டப் போயி, ஆத்தா, மகாராஜா சுங்கம் போட்டிருக்காரு, நீயும் பாதியே கறன்னு சொல்ல முடியுமா?"

"பக்கத்துல ஆப்பக் கடை போட்டிருந்தவ நேத்தோட மூடிட்டா" என்றாள் சிட்டம்மாள். "காப்பி குடிக்க வர்றவன்தானே அவகிட்ட ரெண்டு ஆப்பம் திம்பான்? கொட்டை இடிக்கிற காவேரியையும் வாரத்துல மூணு நாள் வந்தாப் போதும்னுட்டேன். அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல, அடுப்பைப் பார்த்துக்கிட்டுச் சொன்னேன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா அடுப்பையும் அணைக்க வேண்டியதுதான்."

பிச்சாண்டி மூன்றாவது காசை எடுத்து வைத்தான்.

மறுநாள் அவையில் மன்னர் மறுபடி கப்பத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்ததும் பிச்சாண்டி எழுந்தான்.

"மகாராஜா, மன்னிக்க வேண்டும். அந்தக் கப்பத்தைத் தீவார் கட்டவில்லை. நம் ஜனங்கள் கட்டுகிறார்கள்."

"யார் சொன்னது?" என்றார் கனகராயர்.

பிச்சாண்டி அவசரப்பட்டுவிட்டான். "துறைமுகத்துக் காப்பிக் கடைச் சிட்டம்மாள் சொன்னாள்" என்று பெயரைச் சொல்லிவிட்டான்.

கனகராயர் அதற்காகவே காத்திருந்தவர் போல் சிரித்தார். "மகாராஜா, சாவடியின் ஏட்டில் இருக்கிற பெயர்கள் எல்லாம் தீவுக் கப்பல்காரர்களின் பெயர்கள். நம் குடிமகன் ஒருவன் பெயர்கூட இல்லை. அழுதுகொண்டே காசை எண்ணி வைக்கிறார்கள் அவர்கள். நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்பிள்ளை சுங்கத்தைச் சாக்கு வைத்து விலையை ஏற்றிக் கொள்ளை அடிக்கிறாள். இந்த விகடர் அவளுக்குப் பரிந்து பேசுகிறார்."

மன்னரின் முகம் சிவந்தது. "பிச்சாண்டி, வாயால் சொன்னால் போதாது. என் குடிமக்களில் இந்தச் சுங்கம் கட்டிய ஒரே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்து."

"சாட்சியோடு நிறுத்தட்டும்" என்றார் கனகராயர். "சாவடியின் சட்டம் ஒன்றுதான். கட்டியவன் கையில் வில்லை இருக்கும். வில்லை இல்லாதவன் கட்டாதவன்."

அது என்ன வில்லை என்றால், சாவடியில் ஒரு காசு கட்டினால் புளியங்கொட்டை அளவில் சுட்ட மண் வில்லை ஒன்று கொடுப்பார்கள். அதில் படகு முத்திரை குத்தியிருக்கும். நூறு காசு கட்டினால் நூறு வில்லை. துறைமுக வாசலில் காவலாளி கேட்டால் அதைக் காட்ட வேண்டும். அந்த நாட்டில் சுங்க ரசீது என்றால் அதுதான்.

"நல்லது. பதினைந்து நாள் தவணை" என்றார் மன்னர். "அதற்குள் வில்லையோடு என் குடிமகன் ஒருவனைக் காட்டு. காட்டாவிட்டால் அந்தக் காப்பிக் கடைக்கு முத்திரை வைக்கப்படும். உன் பலகையில் ராயரின் மைத்துனர் உட்காருவார்."

பிச்சாண்டிக்குப் பலகை போவது பெரிதாகத் தோன்றவில்லை. தன் வாயால் சிட்டம்மாள் கடைக்கு ஆபத்தைக் கொண்டுவந்துவிட்டோமே என்பதுதான் அவனை அரித்தது. கடைக்குப் போய் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விஷயத்தைக் கேட்டதும் அவள் கரண்டியை ஓங்கினாள். பிறகு இறக்கினாள்.

"பொய் சொல்லி என் பேரை இழுக்கலியே. நெசத்தைத்தானே சொன்ன? போயி வழியப் பாரு. இந்தா, குடிச்சிட்டுப் போ."

அங்கிருந்து அவன் நேராகச் சுங்கச்சாவடிக்குப் போனான். அப்போதுதான் தீவிலிருந்து காசிம் மரைக்காயரின் கப்பல் வந்திருந்தது. அவர் மூட்டைக்கு ஐந்நூறாக எண்ணி எண்ணி வைத்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். சாவடிக்காரர்கள் கூடை கூடையாக வில்லையைக் கொடுத்தார்கள். வாசல் காவலாளியிடம் காட்டியதும் மரைக்காயர் கூடையைக் கவிழ்த்து அத்தனையையும் கடலில் கொட்டப் போனார்.

"பாய், பாய்! ஏன் கொட்டுறீங்க?" என்று ஓடினான் பிச்சாண்டி.

"வச்சுக்கிட்டு என்ன செய்ய? குடுத்த காசைத்தான் சிட்டம்மாகிட்டக் கொட்டை விலையோட சேர்த்து வாங்கிக்குவேன். இந்த மண்ணையா அவ வாங்குவா?"

"காசு திரும்பி வந்துடும்னா அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

"திரும்பி வர எட்டு நாள் ஆவும்ல? அதுவரைக்கும் எங்கைய விட்டுப் போவுதே! அதோட, முன்ன இருபது மூட்டை எறக்குவேன். இப்பப் பத்துதான் வெலை போவுது. நானும் மெலிஞ்சுதான் போயிட்டேன் தம்பி, பாரு" என்று மரைக்காயர் தன் பெரிய வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

பிச்சாண்டி அவர் கையிலிருந்த கூடையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு மரைக்காயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாய், நீங்க நல்லா இருக்கணும். ஒரு வில்லையைக்கூடக் கொட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, ஒரே ஒரு வேண்டுகோள். 'கட்டிய சுங்கக் காசை ஒருவன் இன்னொருவரிடம் திரும்ப வாங்கிக்கொண்டால், அதற்கு உரிய வில்லையை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்' என்று முரசறையச் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்."

மன்னர் கனகராயரைப் பார்த்தார். கனகராயர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அழுதுகொண்டே கட்டுகிறவன் யாரிடம் திரும்ப வாங்கப்போகிறான் என்பது அவர் கணக்கு.

"தாராளமாக அறையலாம், மகாராஜா. காசு கைமாறியும் வில்லை கைமாறாவிட்டால் பத்துக் கசையடி என்றும் சேர்த்து அறையலாம். என் காவலர்களையே ஒவ்வொரு கடையிலும் நிறுத்துகிறேன்" என்றார். பிச்சாண்டி அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான். மனதாரப் போட்ட கும்பிடு அது.

மறுநாளிலிருந்து வில்லைகள் நடக்க ஆரம்பித்தன. மரைக்காயர் சிட்டம்மாளிடம் கொட்டையை விற்றார், மூட்டைக்கு ஐந்நூறு காசு சேர்த்து வாங்கினார், ஐந்நூறு வில்லையைக் கொடுத்தார். சிட்டம்மாள் மூன்று காசு வாங்கிக்கொண்டு டம்ளரோடு ஒரு வில்லையை வைத்தாள். பொடியாக வாங்கிப் போனவர்களுக்குப் பொடிக்குத் தக்கபடி வில்லை. கனகராயரின் காவலன் பக்கத்திலேயே நின்று சரிபார்த்தான்.

"எனக்கும் ஒரு காப்பி" என்றான் மூன்றாம் நாள் அந்தக் காவலன்.

"குடி. வில்லையை மடியில முடிஞ்சுக்க. மறந்தா பத்து அடியாம்" என்றாள் சிட்டம்மாள்.

பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆண்கள் இடுப்பு மடியில் செருகிக்கொண்டார்கள். கோயில் குருக்கள் விபூதிப் பையில் போட்டுக்கொண்டார். அரண்மனை மடைப்பள்ளிக்காரர் பொடி வாங்க வந்தபோது அவருக்கும் கூடையில் அளந்து கொட்டினார்கள். எதற்கு இது என்று அவர் கேட்கவில்லை. கசையடிக்குப் பயந்து பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பதினைந்தாம் நாள் அவை கூடியது. கனகராயரின் மைத்துனன் புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, பலகையில் போட்டு உட்காருவதற்கு ஒரு திண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சிட்டம்மாள் ஒரு மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"எங்கே என் குடிமகன்?" என்றார் மன்னர்.

"முதலில், ஏட்டில் பெயர் உள்ளவரை விசாரித்துவிடலாம், மகாராஜா" என்றான் பிச்சாண்டி. மரைக்காயர் முன்னால் வந்தார். "பாய், தங்களிடம் எத்தனை வில்லை இருக்கிறது?"

"ஏழு, மகாராஜா. ஒரு மூட்டையில எலி ஓட்டை போட்டுடுச்சு. அந்த நட்டத்தை மட்டும் யாருகிட்டயும் வாங்க முடியல."

"ஐயாயிரம் காசு கட்டியவரிடம் ஏழு வில்லை. மீதி எங்கே போயின என்று கதவைத் திறந்து பார்க்க உத்தரவு வேண்டும்."

அரண்மனைக் கதவைத் திறந்தார்கள். வெளியே ஊரே நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், மீன் விற்கிற பெண்கள், கோனார், குருக்கள், சலவைக்காரர், கடைசியில் கனகராயரின் காவலர்கள். எல்லாரும் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினார்கள். அத்தனை கையிலும் படகு முத்திரை.

மன்னர் சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். கதவுவரை போய்ப் பார்த்தார். திரும்பி வருகிற வழியில் சிட்டம்மாளின் பானை கண்ணில் பட்டது. அதில் பாதிவரை வில்லைகள்.

"நீ விற்கிறவள் ஆயிற்றே. காசை வாங்கிக்கொண்டு வில்லையைக் கொடுத்திருக்க வேண்டும். உன்னிடம் ஏன் இத்தனை?" என்றார்.

சிட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "சில பேர் ரெண்டு காசைக் கையில வச்சுக்கிட்டு, கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டு வாசல்லயே நிப்பாங்க மகாராஜா. மூட்டை தூக்கி முதுகு ஒடிஞ்சவங்க. காய்ச்சல்காரங்க. அவங்களுக்குப் பழைய விலைக்கே குடுத்துட்டேன். அந்த மூணாவது காசு என்னோடது. அதான் வில்லை எங்கிட்டயே தங்கிப்போச்சு."

பிச்சாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. அவனிடமும் அவள் சொல்லவில்லை. அவன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கொள்ளை அடிக்கிறவள் என்று சொன்னீரே, ராயரே" என்றார் மன்னர் மெதுவாக.

கனகராயர் தடுமாறி, "எல்லாருமா மகாராஜா... சில பேர்..." என்று இழுத்தார்.

"இன்னும் ஒருவர் பாக்கி, மகாராஜா" என்றான் பிச்சாண்டி. "ஊரில் வேறு யாரையும்விட அதிகமாகச் சுங்கம் கட்டியவர்."

மடைப்பள்ளிக்காரர் ஒரு பெரிய கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மன்னரின் காலடியில் வைத்தார். "தங்கள் காப்பிக்கும் மகாராணியார் காப்பிக்கும் பொடி வாங்கினப்போ கொடுத்தது, மகாராஜா. ஒண்ணுகூடக் குறையல. வேணும்னா எண்ணிக்கலாம்."

மன்னர் கூடையைப் பார்த்தார். மூலையில் இருந்த கப்பப் பெட்டியைப் பார்த்தார். மறுபடி கூடையைப் பார்த்தார்.

"அப்படியென்றால், பிச்சாண்டி... மேளதாளத்தோடு வந்த பெட்டியில் என் காசும் இருந்ததா?"

"இருந்தது, மகாராஜா. தங்களுக்குத் தாங்களே கட்டிய கப்பம். அதை எண்ணிய சாவடிக்காரருக்கும், தூக்கிவந்தவருக்கும், மேளம் அடித்தவருக்கும் கூலியும் தாங்களே கொடுத்தீர்கள்."

மன்னரின் மீசை முதலில் துடித்தது. கோபமா என்று எல்லாரும் பயந்தார்கள். பிறகு தோள் குலுங்கியது. ஆனால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊர் ஜனங்களைப் பார்த்துக் கை குவித்தார்.

"இத்தனை நாளும் தீவார் எனக்குக் கட்டுகிறார்கள் என்று இறுமாந்திருந்தேன். கட்டியது நீங்கள். ஒரு டம்ளரை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டு கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இன்றோடு காப்பிச் சுங்கம் நீங்கியது. வில்லை ஒன்றுக்கு ஒரு காசு, என் கையாலேயே திருப்பித் தருகிறேன். முந்தைய பெட்டிகளுக்கு வில்லை இல்லாததால் அந்தக் காசில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நிழல் கூரை போடுங்கள். தீவு அரசருக்கும் ஓர் ஓலை எழுதுங்கள். கொட்டைக்கு நன்றி என்று எழுதினால் போதும்."

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மன்னர் உட்கார்ந்தார். ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் சிட்டம்மாள். அவள் பானையைக் கவிழ்த்ததும் மன்னர் எண்ணவே இல்லை, பானை நிறையக் காசைப் போட்டார். "எதுக்கு மகாராஜா இவ்வளவு? பாதிப் பானைதானே?" என்றாள் அவள். "மீதிக்குக் கடையில் ஆள் வை" என்றார் மன்னர்.

"ஆளு இருக்கா மகாராஜா. காவேரிக்கு இனிமே ஏழு நாளும் வேலை. நீங்க மகாராணியோட நல்லா இருக்கணும்" என்று கண்ணீரோடு கும்பிட்டுவிட்டு, பானையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடைக்கே தூக்கிக்கொண்டு நடந்தாள். மதியக் காப்பிக்கு நேரமாகிவிட்டதாம்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவரிடமும் காசைக் கொடுத்து, "கட்டியதற்கு நன்றி" என்றார் மன்னர். வாழ்நாளில் அவர் அத்தனை முறை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. வரிசை முடியப்போகையில் ஓர் ஆள் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினார். கையில் ஒரு பட்டுச் சுருக்குப்பை விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

கனகராயர் நின்றார்.

"ராயரே! இது என்ன?"

கனகராயர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "நூற்றுப் பன்னிரண்டு வில்லை, மகாராஜா. வீட்டில் என் மனைவி சேர்த்து வைத்திருக்கிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும். காசை வாங்காமல் வந்தால் சாப்பாடு கிடையாது என்று ஆள் அனுப்பியிருக்கிறாள்."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் மன்னருக்கு வந்துவிட்டது. சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவையே சிரித்தது. திண்டைக் கட்டிக்கொண்டு நின்ற மைத்துனனும் தன்னை மறந்து சிரித்துவிட்டு, ராயர் முறைத்ததும் திண்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னர் நூற்றுப் பன்னிரண்டு காசையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். "கட்டியதற்கு நன்றி, ராயரே" என்றும் சொன்னார். பிறகு, "பிச்சாண்டி எங்கே? அவனுக்குப் பரிசு கொடுக்க வேண்டும்" என்று தேடினார்.

பிச்சாண்டி கனகராயருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"ராயரே, வாங்கியாச்சென்றால் கொஞ்சம் நகருங்கள்" என்று முன்னால் வந்து கையை விரித்தான். "பதினைந்து நாள், தினம் ஒரு டம்ளர். பதினைந்து வில்லை, மகாராஜா. சரியாகப் பார்த்துக் கொடுங்கள். நானும் தங்கள் குடிமகன்தான்."

மன்னர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே பதினைந்து காசை அவன் கையில் வைத்தார். சிரித்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "என் காசு எங்கிருந்து வந்தது என்று எனக்கே காட்டினாயே. நீ நன்றாக இருக்க வேண்டும்" என்று அவன் தலையில் கை வைத்து வாழ்த்தினார்.